சுவரும் விலைச்சீட்டும்: கலை வியாபாரத்தை விசாரிக்கும் புகைப்படப் பிரதிகள்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில், பர்ட்டன் ட்ரெமைன், எமிலி ஹால் ட்ரெமைன் என்ற தம்பதியர் தங்கள் காலத்து நவீன ஓவியங்களை ஆர்வத்தோடு வாங்கிச் சேர்த்து வைத்திருந்த இல்லத்தில், 1984-ஆம் ஆண்டு லூயிஸ் லாலர் என்ற அம்மையார் எடுத்த வர்ணப் புகைப்படம் ஒன்று, இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் விஷயம் அனைத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டிருக்கிறது எனலாம். அப்படத்தின் மேற்பகுதியில், ஜாக்ஸன் பாலக் வர்ணத்தைச் சொட்டியும் வீசியும் படைத்த ஓவியம் ஒன்றின் அடிப்பாகம் மட்டும் தென்படுகிறது. எஞ்சியதைப் படத்தின் மேல்விளிம்பு சிறிதும் தயவின்றி வெட்டிவிடுகிறது. அதன் கீழே, மூடியும் பூவேலைப்பாடும் கொண்ட பீங்கான் சூப் பாத்திரம் ஒன்று, இரு புறமும் தட்டுகள் துணை நிற்க, நடுநாயகமாக வீற்றிருக்கிறது. பார்ப்பவரின் கண் முதலில் பாத்திரத்தில் பதிந்து, அதன் பூக்களில் உள்ள வர்ணங்கள் ஓவியத்தின் சிதறல்களிலும் இருப்பதைக் கண்டு, இந்தப் பொருத்தம் தற்செயலாக வாய்த்ததன்று, வீட்டுக்கு உடையவர் ஒருவர் நின்று பார்த்துத் தேர்ந்து அமைத்தது என்று உணர்ந்துகொள்கிறது. அந்த உணர்வுக்குச் சாட்சி சொல்வதுபோல், ‘பாலக்கும் சூப் பாத்திரமும், ட்ரெமைன் தம்பதியர் அமைத்தபடி’ என்ற பொருள்படவே லாலர் தம் படத்துக்குப் பெயரிட்டிருக்கிறார்.

ஓவியம் ஒன்றைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக அதன் கோடு, வர்ணம், பாவம், அதை எழுதியவரின் மேதாவிலாசம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறோம். அது எந்தச் சுவரில், எந்த விளக்கின் கீழ், யாருடைய படுக்கைக்கு மேலே அல்லது எந்தக் கம்பெனியின் வரவேற்பறையில் மாட்டப்பட்டிருக்கிறது, அங்கே அது வந்து சேர்ந்த வழி என்ன, அதற்காகக் கைமாறிய தொகை எவ்வளவு என்பனவெல்லாம் கலைக்குப் புறம்பான லௌகிக விவகாரங்கள் என்று ஒதுக்கிவிடுவது ரசிகர்களின் சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. 1970-களின் தொடக்கம் முதல் தோன்றிய புகைப்படக் கலைஞர்கள் சிலர் இந்தச் சம்பிரதாயத்தை ஏற்க மறுத்து, வைக்கப்படும் இடமும் விற்கப்படும் விதமும் ஒரு படைப்பின் அர்த்தத்தில் பங்கு பெறுகின்றன என்பதைத் தங்கள் பிரதிகளைக் கொண்டே காட்ட முயன்றார்கள். அவர்களில் யார் யார் எவ்வளவு தூரம் சென்றார்கள், எங்கே தயங்கி நின்றார்கள் என்பதைச் சீர்தூக்கிப் பார்ப்பதே நமது உத்தேசம். இந்த விசாரணைக்குப் புகைப்படத்தைவிடத் தகுந்த சாதனம் வேறில்லை என்பதும், ஆனால் தன் சொந்த விற்பனையையும் விசாரணைக்கு உட்படுத்திக்கொள்ளும் படமே அவ்விசாரணையை நேர்மையாக நடத்துகிறது என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில், புகைப்படம் எவ்வாறு விலையுயர்ந்த சரக்காயிற்று என்பதைப் பார்க்க வேண்டும். பிரான்ஸில் டகேர் 1839-இல் உலகறியச் செய்த முறையில், வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டின்மேல் ஒரே ஒரு பிம்பம்தான் பதிந்தது. அதற்குப் பிரதி கிடையாது. இங்கிலாந்தில் டால்பட் 1841-இல் காப்புரிமை பெற்ற முறையிலோ, காகித நெகடிவ் ஒன்றைக் கொண்டு வேண்டிய மட்டும் பிரதிகள் எடுத்துக்கொள்ள முடிந்தது. உலகம் டால்பட்டின் வழியிலே சென்றது. ஆகவே புகைப்படம் என்பது பிறவியிலேயே பெருகும் இயல்புடையது. அதில் ‘அசல் பிரதி எது’ என்று கேட்பதற்கே அர்த்தமில்லை என்று ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1930-களில் எழுதிய பிரசித்திபெற்ற கட்டுரையிலே வாதித்தார். அந்த வாதத்தில் தர்க்கப்பிழை ஏதும் இல்லை. எனினும் சந்தை அதற்குச் செவிசாய்க்கவில்லை. 1940-இல் நியூயார்க் நவீன கலை மியூசியம் புகைப்படத்துக்கெனத் தனி இலாகா ஒன்றை ஏற்படுத்தியது. 1969-இல் அதே நகரில் லீ விட்கின் என்பவர் புகைப்படங்களை மட்டும் விற்கும் காலரியைத் திறந்து, அதை லாபகரமாகவும் நடத்திக் காட்டினார். எழுபதுகளில் ஏலக் கம்பெனிகள் புகைப்படங்களுக்கென்றே ஏலங்கள் நடத்தத் தொடங்கின. பெருகும் இயல்புள்ள பொருளுக்கு விலை ஏற வேண்டுமானால் அதன் பெருக்கத்தைத் தடுத்தாக வேண்டும். ஊற்றிலே சுரக்கும் தண்ணீரை எண்ணிக் குடங்களில் அடைத்து முத்திரையிட்டு, பிறகு ஊற்றை மூடிவிடுவது போன்ற ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டுக்குத்தான் எடிஷன் என்று பெயர். ஐந்து பிரதி, ஆறு பிரதி என்று முன்கூட்டியே வரையறுத்து, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் கையெழுத்தும் எண்ணும் இட்டு, கலைஞருக்கென ஓரிரு பிரதிகளைத் தனியே ஒதுக்கி, விற்க விற்க எஞ்சியவற்றின் விலையைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டு போவது இவ்வியாபாரத்தில் நடைமுறையாகிவிட்டது.

இதற்கு முந்தைய தலைமுறையில் இத்தகைய கட்டுப்பாடு இருக்கவில்லை. ஆன்ஸல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் எடுத்த நிலவுதயப் படத்தை, தம் வாழ்நாளில் ஆயிரத்து முந்நூறு முறைக்கு மேல் தாமே இருட்டறையில் நின்று அச்சிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்தவர், 1975-ஆம் ஆண்டோடு புதிய ஆர்டர்கள் ஏற்பதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்ததும் வாங்குவோர் மொய்க்கத் தொடங்கினார்கள். வரையறை என்பது எவ்வளவு செயற்கையானது என்பதை வேறொரு வழக்கு இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. வில்லியம் எகிள்ஸ்டன் தம் பழைய வர்ணப் படங்கள் முப்பத்தாறை, முன்னைவிடப் பெரிய அளவில் புதிய டிஜிட்டல் முறையில் அச்சிட்டு, 2012-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஏறத்தாழ 59 லட்சம் டாலருக்கு விற்றபோது, பழைய பிரதிகளை வாங்கி வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர், தம்மிடம் இருப்பவற்றின் மதிப்பு குறைந்துவிட்டதென்று நீதிமன்றத்தை நாடினார். அளவும் முறையும் வேறாகையால் இது வேறு எடிஷன் என்று கொண்டு, மறு ஆண்டு அவ்வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது. சட்டத்தின் கண்ணில் அத்தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆயினும், அவற்றுள் ஒன்றான மூன்று சக்கரச் சைக்கிளின் படம் சிறியதாயினும் பெரியதாயினும் அதே படம்தானே என்று கேட்கும் சாதாரண மனிதனுக்கு, விலை கொடுக்கப்படுவது படத்துக்கா, படத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்கா என்ற சந்தேகம் எழுவது இயற்கை. விலை எதற்கு என்ற அதே சந்தேகத்தை எழுப்பும் இன்னொரு சம்பவமும் உண்டு. லூயிஸ் ஹைன் எடுத்த தொழிலாளர் படங்களின் பழம்பிரதிகள் என்று விற்கப்பட்டவற்றில் பல, தொண்ணூறுகளின் இறுதியில் புற ஊதாக் கதிரின் கீழ் வைக்கப்பட்டபோது நீலமாக ஒளிர்ந்தன. 1940-இல் மறைந்த ஹைனுக்கு, ஐம்பதுகளில் காகிதத்தில் சேர்க்கத் தொடங்கிய வெண்மையூட்டும் ரசாயனம் கிடைத்திருக்க வழியில்லை. உழைப்பாளிச் சிறுவர்களின் அவலத்தை உலகுக்குக் காட்டவேண்டும் என்பதற்காக எடுக்கப்பட்ட அப்படங்களின் விலை, கடைசியில் காகிதத்தின் வயதைப் பொறுத்து நிர்ணயமாயிற்று.

இந்தச் சூழலிலே விசாரணையைத் தொடங்கிவைத்தவர்களில் தலையாயவர் ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் வாழும் ஹான்ஸ் ஹாக்கே. தம்மைப் புகைப்படக் கலைஞர் என்று அவர் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனாலும் 1971-இல் அவர் நியூயார்க் நகரின் வாடகைக் குடியிருப்புகளை எளிய கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் அக்கட்டிடத்தின் உரிமையாளர், அடமானம், விலை ஆகியவற்றைப் பொது ஆவணங்களிலிருந்து தட்டச்சு செய்து ஒட்டி, ஒரு குடும்பமும் அதன் கூட்டாளிகளும் எத்தனை கம்பெனிப் பெயர்களில் மறைந்து அந்நகரத்தின் சேரிகளைக் கையகப்படுத்தியிருந்தார்கள் என்பதை 142 படங்களால் அம்பலமாக்கினார். அதைக் காட்சிக்கு வைப்பதாயிருந்த குக்கன்ஹைம் மியூசியத்தின் இயக்குநர், திறப்புக்குச் சில வாரங்களே இருக்கையில் கண்காட்சியையே ரத்து செய்தார். ஹாக்கேக்கு ஆதரவாக நின்ற எட்வர்ட் ஃப்ரை என்ற பொறுப்பாளர் வேலையிழந்தார். 1974-இல் கொலோன் நகர மியூசியம் ஒன்றுக்காக, அங்கிருந்த மானேயின் சிறிய சித்திரமொன்று யார் யார் கைகளில் மாறி வந்தது என்ற சரித்திரத்தைப் பலகைகளில் எழுதித் தர ஹாக்கே முன்வந்தபோதும் அதே கதிதான் நேர்ந்தது. அச்சித்திரத்தைப் பெற்றுத் தந்த நண்பர் குழுவின் தலைவர், நாஜி ஆட்சியின்போதே உயர் பதவிகளில் இருந்த வங்கியாளர் என்பது அச்சரித்திரத்தில் ஒரு வரியாக இடம்பெற்றிருந்தது. சேரியின் படங்களை அஞ்சி ஒதுக்கிய நியூயார்க்கிலேயே, விட்னி மியூசியம் 2007-இல் பார்ஸலோனா மியூசியம் ஒன்றுடன் கூட்டாக அந்தப் படைப்பை விலைக்கு வாங்கியது. ஹாக்கேயின் பெருமைக்கு இன்னொரு காரணமும் உண்டு: தம் படைப்பு மறுவிற்பனையாகும்போது ஏறிய விலையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கலைஞருக்குச் சேரவேண்டும் என்று ஸெத் ஸீகெலாப் என்பவர் 1971-இல் வகுத்த ஒப்பந்தத்தில் கையொப்பமிடாதவருக்கு அவர் எதையும் விற்பதில்லை. விமரிசனம் செய்பவர் தம் சொந்தக் கடைக்கும் ஒரு நியதியை வைத்துக்கொண்டார்.

ஹாக்கேயின் குரல் குற்றப்பத்திரிகையின் குரல். லாலரின் வழி வேறு. அவர் எவரையும் குற்றம் சாட்டுவதில்லை. 1982-இல் நியூயார்க்கின் மெட்ரோ பிக்சர்ஸ் காலரியில் அவருடைய கண்காட்சி நடந்தபோது, உள்ளே நுழைந்ததும் எதிர்ப்பட்டவை அவருடைய படங்களே அல்ல. ஸின்டி ஷெர்மன், ராபர்ட் லாங்கோ முதலிய, அதே காலரியின் பிற கலைஞர்களுடைய படைப்புகளை எடுத்து அவர் தம் விருப்பப்படி அடுக்கி மாட்டியிருந்தார். அந்த அடுக்கை வாங்க விரும்புவோர் அத்தனை படைப்புகளின் மொத்த விலையோடு நூற்றுக்குப் பத்து சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்து, பொருத்திக் கொடுத்த லாலருக்கு உரிய கூலி. கலை ஆலோசகர்கள் திரைமறைவில் வாங்கும் கமிஷனை இவர் விலைச்சீட்டில் பகிரங்கமாக எழுதி ஒட்டினார். அதே கண்காட்சியின் மற்றோர் அறையில், சேகரிப்பாளர் வீடுகளிலும் நிதி நிறுவன அலுவலகங்களிலும் பிறர் எவ்வாறு படங்களைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் அவருடைய புகைப்படங்கள் இருந்தன. ரோய் லிக்டன்ஸ்டைனின் அச்சுப்படங்கள் வரிசையாகத் தொங்கும் சுவரின் அடியிலே அலுவலக வேலை நடந்துகொண்டிருக்கும் படம் ஒன்றை அவ்வாண்டுதான் எடுத்தார். அவ்விடத்தில் படங்களைத் தேர்ந்து மாட்டியவர்களின் பெயர்களே அதன் தலைப்பில் வருகின்றன. ஓவியரின் பெயர் எழுதவேண்டிய இடத்தில் மாட்டியவர்களின் பெயரை எழுதுவதென்பது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் அதன் பிறகு அப்படத்தைப் பார்ப்பவர், அந்த அறையின் அமைப்பையும் ஒரு கர்த்தா செய்த படைப்பாகவே கருதத் தொடங்கிவிடுகிறார்.

அதே 1984-இல் ட்ரெமைன் வீட்டிலே எடுத்த மற்றொரு படத்தில், ஜாஸ்பர் ஜான்ஸின் ‘வெண்கொடி’ ஓவியம் ஒரு படுக்கையின் தலைமாட்டில் தொங்குகிறது. கீழே, பெயரின் முதலெழுத்துகள் பின்னப்பட்ட வெள்ளை விரிப்பு. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே கொடி கிறிஸ்டீஸ் ஏலத்தில் 70 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. படுக்கையறையின் அமைதியையும் ஏலக்கூடத்தின் ஆரவாரத்தையும் பிணைத்துப் பார்க்கும்படி நம்மைச் செய்வது லாலரின் படமே. அது இல்லாவிடில் அவ்விரண்டும் வெவ்வேறு உலகங்களாகவே நமக்குத் தோன்றியிருக்கும். ட்ரெமைன் சேகரிப்பு ஏலத்துக்கு வந்த அந்த 1988-ஆம் ஆண்டு, அவர் அந்த ஏலக் கம்பெனிக்கும் சென்று, ஆண்டி வார்ஹோல் பொன்வர்ணப் பின்னணியில் மர்லின் மன்ரோவின் முகத்தை அச்சிட்ட வட்டமான சிறு சித்திரம் ஒன்றைப் படம் பிடித்தார். அதன் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருந்த சீட்டும் படத்தில் விழும்படி பார்த்துக்கொண்டார். அந்தச் சீட்டில் ஓவியரின் பெயர், ஏல எண், இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை போகலாம் என்ற உத்தேச விலை எல்லாம் இருக்கின்றன. இறந்துபோன நடிகையின் புன்னகையும் டாலர்க் கணக்கும் ஒரே விளக்கொளியில், ஒரே சுவரில், சம அந்தஸ்தோடு நிற்கின்றன. இப்படத்துக்கு அவர் வைத்த பெயர், ஆண்டி வார்ஹோல் உங்களை அழவைக்கிறாரா என்று வினவுகிறது. அதே படத்தை வேறொரு பிரதியாக, வார்ஹோலின் பெயரை எடுத்துவிட்டு மர்லின் மன்ரோவின் பெயரை வைத்து, அதே கேள்வியோடு தனியாகவும் வெளியிட்டார். தலைப்பைப் பொறித்த சிறு பலகையும் படைப்பின் ஓர் அங்கம். படத்தில் உள்ள சீட்டு ஏலக் கம்பெனியினுடையது. படத்துக்கு வெளியே உள்ளது லாலருடையது. தம் படமும் இன்னொரு நாள் இதே மாதிரி ஒரு சீட்டோடு இதே மாதிரிச் சுவரில் நிற்கும் என்பதை அவர் அறிந்தே அதைச் செய்திருக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கேள்வி என்னைத் தொடுகிறது. அழத்தான் தோன்றுகிறது, எதற்காக என்று சொல்வதுதான் கடினமாயிருக்கிறது.

பிற்காலத்தில் அவர் தம் பழைய படங்களையே எடுத்து, கண்காட்சி நடக்கும் இடத்துச் சுவரின் நீள அகலத்துக்கு ஏற்ப இழுத்தும் நசுக்கியும் சுவர் முழுதும் ஒட்டத் தொடங்கினார். வாங்குபவரின் சுவர் நீண்டிருந்தால் படமும் நீண்டு சிதையும், குட்டையாயிருந்தால் குறுகும். கலை தன்னை இடத்துக்கு வளைத்துக்கொள்கிறது என்ற உண்மையை இதைவிட நேரடியாகச் சொல்ல இயலாது. 2013-இல் கொலோனின் லுட்விக் மியூசியத்தில், ஜான் பல்லர் என்ற குழந்தைப் புத்தகச் சித்திரக்காரரின் உதவியோடு அப்படங்களின் வர்ணம் அனைத்தையும் களைந்து, சிறுவர்கள் வர்ணம் தீட்டும் புத்தகத்தில் உள்ளவைபோல் வெறுங்கோட்டுப் படங்களாக்கிச் சுவரில் இட்டார். சூப் பாத்திரத்தின் பூக்களும் பாலக்கின் சிதறல்களும் கறுப்புக் கோடுகளாகி ஒன்றுக்கொன்று பேதம் தெரியாமல் நின்றன.

லாலரின் தோழியும் அதே காலரியின் கலைஞருமான ஷெர்ரி லெவின் மேற்கொண்டது இன்னும் உக்கிரமான முறை. வாக்கர் எவன்ஸ் 1936-இல் அலபாமாவின் ஏழைக் குத்தகை விவசாயிகளை எடுத்த படங்களை ஒரு கண்காட்சிப் புத்தகத்திலிருந்து அப்படியே மீண்டும் புகைப்படம் எடுத்து, 1981-இல் தம் பெயரில் காட்சிக்கு வைத்தார். எவன்ஸின் மூலப்படங்கள் அமெரிக்க அரசாங்கத்துக்காக எடுக்கப்பட்டவை. அவற்றின் நெகடிவ்கள் அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் பொதுச் சொத்தாக இருக்கின்றன. அதே பிம்பம் எவன்ஸ் கையால் அச்சிட்ட பிரதியாக இருந்தால் பெருவிலை. அப்படியானால் விலை எதற்கு என்ற வினாவை லெவின் எழுப்பினார். ஆனால் அவருடைய பிரதிகளும் காலப்போக்கில் அரிய சரக்காகி மெட்ரோபாலிடன் மியூசியத்தைச் சேர்ந்தன. இதைக் கண்ட மைக்கேல் மாண்டிபர்க் என்ற இளைஞர் 2001-இல், அதே படங்களை உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் தம் வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளும்படி இணையத்தில் வைத்தார். கூடவே, அச்சிட்டவர் தாமே கையொப்பமிட்டுக்கொள்ளக்கூடிய நம்பகச் சான்றிதழ் ஒன்றையும் கொடுத்தார். பார்ப்பதற்கும் போற்றுவதற்கும் உரியதாய், ஆனால் விற்பதற்கு ஏற்றதாய் இல்லாத ஒரு பொருளை ஆக்குவதே அவருடைய நோக்கம். லெவின் எழுப்பிய வினாவை அதன் கடைசி எல்லை வரை கொண்டு சென்றவர் அவரே என்று நான் கருதுகிறேன்.

இதே எடுத்தாளும் முறையில் ரிச்சர்ட் பிரின்ஸ் 2014-இல் பிறர் இன்ஸ்டாகிராமில் இட்ட படங்களைப் பெரிதாக அச்சிட்டு, பிரதி ஒன்று ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் வரை விற்றதும், அவ்வாறு தம் படங்கள் எடுத்தாளப்பட்ட ஒரு குழுவினர் அதே அளவுப் பிரதிகளைத் தாமே 90 டாலருக்கு விற்க முன்வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அவ்விரண்டில் அந்த 90 டாலர்ப் பிரதியே கூர்மையான விமரிசனம் என்பதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

டுஸல்டார்ஃப் கலைக்கழகத்தில் புகைப்படக் கலைஞர்களான பெக்கர் தம்பதியரிடம் பயின்ற இருவரை இங்கே ஒப்புநோக்குவது அவசியம். தாமஸ் ஸ்ட்ரூத் 1989 முதல் லூவர் முதலான மியூசியங்களில், ஓவியங்களின் முன் நிற்கும் ஜனங்களைப் பெரும் படங்களாக எடுத்தார். ஜெரிகோவின் ‘மெதூஸாவின் தெப்பம்’ ஓவியத்தின் முன்னே, முதுகு காட்டி நிற்கும் பார்வையாளர் கூட்டம், ஓவியத்திலே தத்தளிக்கும் கூட்டத்தின் நீட்சிபோல் அமைந்துவிடுகிற லூவர் படம் அவற்றுள் மிகச் சிறந்தது. 2007-இல் மாட்ரிட்டின் பிராடோ மியூசியத்திலேயே, வெலாஸ்க்வெஸின் ஓவியங்கள் தொங்கும் கூடங்களில் இப்படங்களையும் தொங்கவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள், தங்களைப் போலவே பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதர்களைச் சுவரில் கண்டார்கள். காட்சி என்னும் பாதியை ஸ்ட்ரூத் இவ்வளவு ஆழமாக ஆராய்ந்தார். விற்பனை என்னும் மறுபாதியை அவர் தொடவில்லை. ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியோ லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மலிவுக்கடை ஒன்றின் அலமாரிகளை, மிட்டாய்ப் பொட்டலங்களின் வர்ணச் சமுத்திரமாக 1999-இல் எடுத்தார். அதன் இரட்டைப் பிரதி ஒன்று 2007-இல் லண்டனில் 33 லட்சம் டாலருக்கும், அவருடைய ‘ரைன் 2’ 2011-இல் நியூயார்க்கில் 43 லட்சம் டாலருக்கும் ஏலம் போயின. ரைன் நதிப் படத்துக்கு மொத்தம் ஆறு பிரதிகள்; அவற்றுள் சில லண்டனிலும் நியூயார்க்கிலும் ம்யூனிக்கிலும் உள்ள மியூசியங்களில் எவரும் சென்று காணும்படி இருக்க, இன்னொன்றுக்கு அத்தனை தொகை கொடுக்கப்பட்டது. அலமாரிச் சரக்கைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசிய கலைஞர், தம் படமும் அலமாரியில் ஒரு சரக்கு என்பதைப் பற்றி மௌனம் சாதிக்கிறார். அவருடைய திறமையில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை. ஆனால் இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்விக்கு அவர் படங்களில் விடை கிடையாது. ஓவியத்தோடு போட்டியிடும் பிரம்மாண்டமான அளவும், பிரதியின் முகத்தில் அக்ரிலிக் தகட்டை ஒட்டிப் பளபளப்பூட்டும் முறையும் அவர்கள் தலைமுறையில் பரவியபின், சந்தைக்குப் புகைப்படத்தின் பழைய எளிமை மறந்தே போயிற்று.

அந்த எளிமையை மீட்டவர்களில் ஃபெலிக்ஸ் கொன்ஸாலெஸ்-டோரெஸின் இடம் தனியானது. கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்து 1996-இல் எய்ட்ஸ் நோயால் இளமையிலேயே மறைந்த இவர், அச்சிட்ட தாள்களைத் தரையிலே ஒரு கட்டாக அடுக்கி வைத்து, வருவோர் ஆளுக்கொன்று எடுத்துச் செல்லலாம் என்று விட்டுவிட்டார். 1990-இல் செய்த ஒன்றில், ஒரே வாரத்தில் அமெரிக்காவில் துப்பாக்கிச் சூட்டில் மாண்டவர்களின் முகங்களும் விவரங்களும் ஒரு பத்திரிகையிலிருந்து எடுத்துத் தாளில் நிரப்பப்பட்டிருக்கின்றன. அந்த முகங்களைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி ஒருவர் மியூசியத்தை விட்டு வெளியேறலாம். அடுக்கு குறையக் குறைய மீண்டும் அச்சிட்டு, விதித்த உயரத்துக்கு உயர்த்துவார்கள். வாங்கியவருக்குச் சொந்தமாவது தாள் அன்று, அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கும் உரிமையும் கடமையும். தம் துணைவர் ராஸ் மறைந்தபின் அவர் எடுத்த படம் ஒன்றில், இருவர் தலைவைத்த குழிவு மாறாத இரு தலையணைகளோடு கலைந்த வெள்ளைப் படுக்கை காணப்படுகிறது. அப்படம் 1992-இல் எந்த எழுத்தும் பெயரும் இன்றி நியூயார்க்கின் இருபத்துநான்கு விளம்பரப் பலகைகளில் ஒட்டப்பட்டது. சோப்பும் சிகரெட்டும் விற்கும் பலகைகளில் எதையும் விற்காத ஒரு துக்கம் நின்றது. அதை உடைமையாகக் கொண்ட நவீன கலை மியூசியம் அதைக் காட்ட விரும்பினால், தெருக்களிலே மறுபடியும் பலகைகளை வாடகைக்கு எடுத்தாக வேண்டும். உடைமை என்பதன் பொருளையே இந்த மனிதர் கொடையாக மாற்றிவிட்டார் என்று சொன்னால் மிகையாகாது.

வுல்ஃப்காங் டில்மன்ஸ் 1993-இல் கொலோனில் நடந்த தம் ஆரம்பகாலக் கண்காட்சியிலிருந்தே பெரிய பிரதிகளைச் சட்டமிடாமல் கிளிப்பிலும் ஒட்டுநாடாவிலும் தொங்கவிட்டு, அவற்றின் அருகே பத்திரிகையிலிருந்து கிழித்த பக்கங்களையும் சரிசமமாக ஒட்டி வந்தவர். 2000-இல் டர்னர் பரிசு பெற்ற முதல் புகைப்படக் கலைஞர் அவர். பத்திரிகைப் பக்கத்துக்கும் பிரதிக்கும் சுவர் மட்டத்தில் பேதமில்லை என்று அவர் காட்டியது நல்ல காரியமே. ஆயினும் விலைப்பட்டியலில் அந்தப் பேதம் நீங்கவில்லை.

இவர்கள் எல்லோருக்கும் எதிராக ஓர் ஆட்சேபம் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. சந்தையைக் கண்டிக்கும் படமும் அதே சந்தையில்தான் விற்கிறது. லாலரின் படங்களும் ஏலத்துக்கு வருகின்றன. சேகரிப்பாளரின் வீட்டை ஆராயும் படம் இன்னொரு சேகரிப்பாளரின் வீட்டில் தொங்குகிறது. ஆகவே இதெல்லாம் வீண் பாவனை என்பது அதன் சாரம். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வழக்கில் சாட்சி சொல்பவன் அந்த ஊரிலேயே வசிக்கிறான் என்பதனால் அவன் சாட்சியம் பொய்யாகிவிடாது. அவன் தனக்கும் அவ்விவகாரத்தில் உள்ள சம்பந்தத்தை மறைத்தானா, சொன்னானா என்பதே கேட்கத்தக்கது. பத்து சதவீதத்தைச் சீட்டில் எழுதிய லாலர் சொன்னார். பதினைந்து சதவீத ஒப்பந்தத்தை நீட்டிய ஹாக்கே சொன்னார். தாளைத் தானமாக்கிய கொன்ஸாலெஸ்-டோரெஸ் செய்தே காட்டினார்.

நம் நாட்டிலே இவ்விசாரணையை வேறொரு திசையில் எடுத்துச் சென்றவர் தயானிதா சிங். 1961-இல் டில்லியில் பிறந்து, அகமதாபாத் வடிவமைப்புக் கழகத்திலும் நியூயார்க்கிலும் பயின்ற அவர், காலரிச் சுவரில் சட்டமிட்டு மாட்டிய பிரதியில் தமக்கு நிறைவு இல்லையென்று கண்டு, புத்தகமே கண்காட்சி என்ற முடிவுக்கு வந்தார். 2008-இல் வெளியான அவருடைய ‘ஸென்ட் எ லெட்டர்’ என்பது, சின்னஞ்சிறு துணிப்பெட்டியில் அடங்கிய ஏழு மடிப்புப் புத்தகங்கள். ஒவ்வொன்றையும் விரித்து மேஜைமேல் நிறுத்தினால் அது ஒரு சிறு கண்காட்சியாகிவிடும். கல்கத்தாவின் பார்க் தெருவில் ஒரு நகைக்கடையின் கண்ணாடி ஜன்னலிலே, தங்கநகை வைக்கும் இடத்தில் அவர் அதை விரித்து வைத்தார். தெருவில் போகிறவர்கள் எவரும் அனுமதிச் சீட்டின்றி, தயக்கமின்றி நின்று பார்க்கும் கண்காட்சியாயிற்று அது. 2013-இல் லண்டனின் ஹேவர்ட் காலரியில் அவர் காட்டியவை தேக்குமரத்தால் ஆன மடக்குத் திரைகள். ஆள் உயரத்துக்கு மேற்பட்ட அம்மரச்சட்டங்களில் படங்கள் அடுக்கடுக்காய்ப் பொருத்தப்பட்டிருக்கும். வெளியே தெரிபவை சில, உள்ளே சேமிப்பில் காத்திருப்பவை பல. வேண்டும்போது ஒரு படத்தை உருவி எடுத்து இன்னொன்றைச் செருகலாம். திரையைத் திறந்தும் மடக்கியும் அறையின் வடிவத்தையே மாற்றலாம். ஒவ்வொன்றுக்கும் அவர் மியூசியம் என்றே பெயர் வைத்தார். ஒரு கலைஞர் மியூசியத்தின் தயவை எதிர்பார்த்து நிற்பதற்குப் பதில், மியூசியத்தையே செய்து, அதன் அதிகாரியாகவும் தாமே இருந்துகொண்டார்.

தனிப்பிரதியாகத் தம் படங்கள் பிரிந்து பிரிந்து விற்கப்படுவதை இது தடுக்கிறது; வாங்குவதானால் முழு மியூசியத்தையும் வாங்க வேண்டும், வாங்கியபின் அதை உயிரோடு மாற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். நியூயார்க் நவீன கலை மியூசியமே இவற்றுள் ஒன்றைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. மரத்தாலான மியூசியத்தை வாங்குவது நிறுவனங்களுக்கும் செல்வந்தர்களுக்குமே சாத்தியம். ஆனால் 2017-இல், ஒன்பது மியூசியங்களை ஒன்பது மடிப்புப் புத்தகங்களாக்கி, ஒரு பெட்டியில் இட்டு, ‘மியூசியம் பவன்’ என்ற பெயரில் அவர் கொண்டுவந்தபோது, ஒரு மாணவனோ ஆசிரியையோ கைக்காசைச் சேர்த்து அதை வாங்கி, தன் வீட்டு அலமாரியில் விரித்து, ஞாயிற்றுக்கிழமை நண்பர்களை அழைத்துக் காட்டலாம் என்றாயிற்று. அவ்வாண்டு பாரிஸில் அதற்குச் சிறந்த புகைப்படப் புத்தகத்துக்கான பரிசும் கிடைத்தது.

எனக்கு இதில் ஒரு குறை தோன்றாமலில்லை. பெரிய மியூசியங்கள் இத்திரைகளை வாங்கியபின், பாதுகாப்பு கருதி, பார்வையாளர் தொடக்கூடாது என்ற பழைய விதியின் கீழேயே அவற்றைக் கொண்டுவந்துவிடக்கூடும். மாற்றி அடுக்கும் உரிமை அதிகாரிகளின் கையுறையணிந்த கைகளுக்கு மட்டும் உரியதாகிவிட்டால், திரை மறுபடியும் சுவராகிவிடும். இதைத் தடுக்க ஒப்பந்தங்களில் எழுதி வைக்கலாம். இத்தனை காலத்துக்கு ஒருமுறை படங்கள் மாறவேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். கொன்ஸாலெஸ்-டோரெஸின் சான்றிதழ்கள் அதற்கு நல்ல முன்மாதிரி. பெட்டிப் புத்தகத்துக்கோ அத்தகைய காவல் ஏதும் தேவையில்லை. அதை வாங்கியவர் எந்த அதிகாரியையும் கேளாமல் இன்று ஒரு மியூசியத்தையும் நாளை இன்னொன்றையும் விரித்து வைக்கலாம், இரவல் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போட்டுவிடவும் செய்யலாம்.